கரித்தூளைக் கழுவும் காற்றுக்குமிழி

சுரங்கத்திலிருந்து மேலே வருவது வெறும் நிலக்கரி இல்லை. கரிப்படுகைக்கு மேலும் கீழும் நடுவிலும் கிடக்கிற களிப்பாறை, மணற்பாறை, களிமண், அங்கங்கே மினுங்கும் பைரைட் என்ற இரும்பு–கந்தகத் தாது எல்லாம் சேர்த்தே வெட்டப்பட்டு வருகின்றன. எரியாத இந்தச் சரக்கு முழுவதும் உலையில் சாம்பலாக மிஞ்சும். அதனால்தான் விற்பதற்கு முன் கரியைக் கழுவுகிறார்கள். கட்டியாக இருக்கும்வரை கழுவுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கரியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராமை ஒட்டி இருக்கும். கல்லும் களிமண்ணும் 2.5-க்கு மேல். மேக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்புத் தாதுவை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, 1.5 அடர்த்தியில் ஒரு குழம்பு தயாரித்து, வெட்டி வந்ததை அதில் கொட்டினால் கரி மிதக்கும், கல் மூழ்கும். மேக்னடைட்டைக் காந்தத்தால் மீட்டு மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.

தலைவலி ஆரம்பிப்பது அரை மில்லிமீட்டருக்குக் கீழே. தண்ணீரில் ஒரு சிறு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 0.1 மி.மீ. விட்டமுள்ள கரித்துகள் வினாடிக்கு 2 மி.மீ. போல இறங்கும், 0.01 மி.மீ. துகளோ ஒரு சென்டிமீட்டர் இறங்கவே ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. 1.4 அடர்த்தியுள்ள கரித்துகள் 0.02 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள், 2.6 அடர்த்தியுள்ள களிமண் துகள் 0.01 மி.மீ. இருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன. எடை வித்தியாசத்தை நம்பிப் பிரிக்கும் எந்த எந்திரத்துக்கும் இந்த இரண்டும் ஒன்றுதான்.

கரியைக் கையால் வெட்டிய காலத்தில் தூள் குறைவு. அதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. எந்திரங்கள் வந்து படுகையைச் சுரண்டி எடுக்கத் தொடங்கியதும் தூளின் பங்கு ஏறியது. என்ன செய்தார்கள்? பெரும்பாலும் தண்ணீரோடு கலந்து ஏதாவது ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்டித் தேக்கி வைத்தார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற இடத்தில் அப்படிக் கட்டிய அணை ஒன்று 1972 பிப்ரவரியில் உடைந்து 125 பேர் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு கென்டக்கியில் மார்ட்டின் கவுண்டியில் ஒரு தேக்கத்தின் அடித்தளம் கீழே இருந்த பழைய சுரங்கத்துக்குள் இடிந்து, 30 கோடி கேலனுக்கு மேல் கரிச்சேறு ஓடைகளில் பாய்ந்தது. தூளைக் கொட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பது அவ்வளவு மலிவான வழி இல்லை.

எடை கைகொடுக்காத இடத்தில் உதவுவது மேற்பரப்பின் குணம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது. நல்ல கரியின் மேற்பரப்பும் அப்படித்தான். கரி என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் பின்னிய பொருள், எண்ணெயின் உறவுக்காரன். களிமண்ணும் குவார்ட்ஸும் நேர்மாறு. தண்ணீரை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். இரண்டும் கலந்த சேற்றுத் தண்ணீருக்குள் காற்றுக்குமிழியை விட்டால், தண்ணீரை விரும்பாத கரித்துகள் குமிழியோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். களிமண் தண்ணீரிலேயே தங்கிவிடும். மேலே சேரும் கறுப்பு நுரையை வழித்து எடுத்தால் கரி. இதுதான் நுரை மிதப்பு முறை.

சொல்ல எளிது. இந்த முறையில் குமிழி கரியைத் தூக்குவது ஒன்றும் பெரிய சிரமம் இல்லை என்பதுதான் என் கருத்து. குமிழியோடு கூடவே வரும் தண்ணீரைச் சமாளிப்பதுதான் சிரமம். நூறு ஆண்டுகளாக நடந்த முன்னேற்றங்களில் பாதிக்குமேல் அந்தத் தண்ணீரோடு போட்ட சண்டைதான். அதற்கு வருவதற்கு முன் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நூறு கிலோ சேற்றில் ஐந்து முதல் பத்து கிலோ வரை தூள் இருக்கும்படி நீர்த்துத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ சேர்த்துக் கலக்குவார்கள். டன் தூளுக்குச் சில நூறு கிராம் போதும். பிடிவாதமான கரிக்கு ஒரு கிலோகூட ஆகும். எண்ணெய் கரியின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, ஏற்கனவே இருக்கும் நீர் ஒட்டாத குணத்தை இன்னும் கூட்டுகிறது. அப்புறம் நுரைப்பான். எம்.ஐ.பி.சி. என்று ஆலைக்காரர்கள் சொல்லும் ஒரு வகை ஆல்கஹாலோ, பைன் எண்ணெயோ, கிளைகால் வகை ஒன்றோ. அளவு டீசலைவிடக் குறைவு. இது இல்லாவிட்டால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே வந்ததும் பட்டென்று உடைந்துவிடும். தூக்கிவந்த கரி மறுபடி தண்ணீருக்குள் விழும். இதில் ஒரு சுவாரஸ்யம்: தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால், கடல்நீர் அளவுக்கு இருந்தால், உப்பே குமிழிகள் சேர்வதைத் தடுத்துவிடும். உப்புத் தண்ணீர் பயன்படுத்தும் ஆலைகளில் நுரைப்பானின் தேவை வெகுவாகக் குறைகிறது.

துகள் குமிழியில் ஏறுவதற்கு மூன்று கண்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் மோத வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் கிழிந்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கலக்கலில் பிய்ந்து விழாமல் மேலே போய்ச் சேர வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் மோதும், ஒட்டும். ஆனால் கனம் தாங்காமல் விழுந்துவிடும். 0.01 மி.மீ. துகளுக்குப் பிரச்சினை முதல் கட்டத்திலேயே. 1 மி.மீ. குமிழி மேலே ஏறும்போது தண்ணீர் அதைச் சுற்றி வளைந்து வழிவிடுகிறது. நுண்துகள் அந்தத் தண்ணீரோடு தானும் வளைந்து போய்விடுகிறது. குமிழியைத் தொடுவதே இல்லை.

மோதும் வாய்ப்பு, துகள் விட்டத்தைக் குமிழி விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் இருமடியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆக, துகளைப் பெரிதாக்க முடியாதென்றால் குமிழியைச் சிறிதாக்கு. குமிழியின் அளவைப் பாதியாக்கினால் வாய்ப்பு நான்கு மடங்கு. பரப்பும் கூடுகிறது: ஒரு லிட்டர் காற்றை 1 மி.மீ. குமிழிகளாக உடைத்தால் கிடைக்கும் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், 0.3 மி.மீ. குமிழிகளாக உடைத்தால் 20 சதுர மீட்டர். கரி உட்கார அத்தனை இடம்.

குமிழிகளை உண்டாக்குவதில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1877-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெசல் சகோதரர்கள் கிராஃபைட்டைச் சுத்தம் செய்ய ஒரு காப்புரிமை எடுத்தார்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்தக் கொதிப்பில் எழும் குமிழிகளால் கிராஃபைட்டைத் தூக்கினார்கள். 1886-இல் இன்னொரு காப்புரிமை: சுண்ணப்பொருளும் அமிலமும் சேர்ந்து கிளப்பும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைக் கொண்டு அதே வேலை. உலகில் குமிழியால் பிரிக்கப்பட்ட முதல் சரக்கே கார்பன்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர்களை உலகம் மறந்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில், ஈயம் எடுத்தபின் மலையாகக் குவிந்து கிடந்த துத்தநாகக் கழிவைப் பிரிக்க பாட்டர், டெல்பிராட் என்ற இருவர் சூடான அமிலத்தை ஊற்றினார்கள். தாதுவிலேயே இருந்த கார்பனேட்டிலிருந்து வாயு கிளம்பித் துத்தநாகத்தைத் தூக்கியது. 1905-இல் லண்டனின் மினரல்ஸ் செப்பரேஷன் நிறுவனத்தார், எண்ணெயை மிகவும் குறைத்து, பலமாகக் கலக்கிக் காற்றை உள்ளே அடித்தால் போதும் என்று கண்டதும் வாயு கிளப்ப அமிலத்தைக் கொட்டும் செலவு தேவையற்றதாயிற்று. காற்று இலவசம்! அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் முறை நிலக்கரிக்கும் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை ஆலைகளில் அதிகம் காணப்படுவது, சுழலும் விசிறியை அடியில் வைத்துக் காற்றை நறுக்கும் தொட்டிகள். வரிசையாக நாலைந்து தொட்டிகள். ஒன்றில் தப்பியது அடுத்ததில் மாட்டும். நம்பகமானவை, பழுது பார்க்க எளியவை. அவற்றின் குறைதான் நான் மேலே சொன்ன தண்ணீர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டன் தூள் 19 டன் தண்ணீரோடு தொட்டிக்குள் வருகிறது. அந்த ஒரு டன்னில் 200 கிலோ, மிக நுண்ணிய களிமண் என்று கொள்வோம். அது தண்ணீரில் சீராகக் கலந்து கிடக்கிறது. தண்ணீர் எங்கே போனாலும் அதுவும் போகும். நுரையாக வெளியே வரும் ஒவ்வொரு டன் கரியோடும் சுமார் 3 டன் தண்ணீர் வருவது சாதாரணம். அந்த 3 டன்னில் 30 கிலோவுக்குச் சற்று மேல் களிமண் இருக்கும். எந்தக் குமிழியிலும் ஒட்டாமல், ஓசிப் பயணமாக வந்து சேர்ந்த களிமண். கரியின் சாம்பல் அளவை அது மட்டுமே கிட்டத்தட்ட 3 சதவீதப் புள்ளி உயர்த்திவிடும். எவ்வளவு நல்ல எண்ணெய் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் ஒட்டுவது ஒட்டாதது என்ற கேள்வியே இங்கே எழவில்லை.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில லிட்டர் கொள்ளும் சிறிய தொட்டியில் காற்றைத் திறந்து, முதல் 15 வினாடி நுரையை ஒரு தட்டில், அடுத்த 15 வினாடி நுரையை வேறொன்றில், பிறகு 30 வினாடி, ஒரு நிமிடம் என்று தனித்தனியாக வழித்து எடுப்பார்கள். முதல் தட்டு கெட்டியாக, கன்னங்கரேலென்று எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். போகப்போக நுரை மெலிந்து, சாம்பல் நிறமாகி, கடைசித் தட்டில் வெறும் சேற்றுத் தண்ணீர்போல இருக்கும். காயவைத்து, 815 டிகிரி செல்சியஸ் உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போட்டால் கண் சொன்னதையே தராசும் சொல்லும். கடைசித் தட்டின் சாம்பலில் ஒரு பகுதி கரியோடு பிரியாமல் ஒட்டிக் கிடக்கும் கல்லினுடையது. இன்னொரு பகுதி தண்ணீரில் சவாரி செய்து வந்தது.

சவாரியை நிறுத்த என்ன வழி? 1960-களின் தொடக்கத்தில் கனடாவில் புட்டான், டிரம்ப்ளே என்ற இருவர் உயரமான கோபுர வடிவத் தொட்டியை முன்வைத்தார்கள். விசிறி கிடையாது. சேறு மேற்பகுதியில் நுழைந்து கீழே இறங்கும். குமிழி அடியிலிருந்து ஏறும். நுரையை அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கட்டவிட்டு, அதன் தலையில் சுத்தமான தண்ணீரைத் தூவுவார்கள். தூவிய தண்ணீர் நுரை வழியாகக் கீழே வடியும்போது குமிழிகளுக்கு இடையே இருந்த சேற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மேலே வழியும் நுரையிலும் தண்ணீர் இருக்கும், ஆனால் அது களிமண் இல்லாத தண்ணீர். என்னைக் கேட்டால், நுண்கரியைப் பொறுத்தவரை குமிழி அளவைக் குறைத்த எல்லாக் கண்டுபிடிப்புகளையும்விட, நுரையின் தலையில் தண்ணீர் தூவிய இந்த எளிய யோசனைதான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

சிறிய குமிழி, நுரையின் தலையில் தூவும் தண்ணீர் இரண்டையும் சேர்த்துச் செய்ய வந்தது ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் ஜேம்சன் 1980-களில் வடிவமைத்த தொட்டி. சேற்றை ஒரு செங்குத்துக் குழாய்க்குள் வேகமான தாரையாகப் பீய்ச்சுவார்கள். தாரை விழும் வேகத்தில் காற்றைத் தானே உள்ளே இழுத்து, நுண்குமிழிகளாக நொறுக்கிவிடும். துகளும் குமிழியும் அந்தக் குழாய்க்குள்ளேயே நெருக்கியடித்துச் சந்தித்துக்கொள்வதால் சில வினாடிகளில் ஒட்டுதல் முடிந்துவிடும். கீழே உள்ள தொட்டிக்கு நுரையைப் பிரிப்பது மட்டுமே வேலை. காற்றழுத்த எந்திரமோ சுழலும் விசிறியோ தேவையில்லை. சேற்றை அனுப்பும் பம்பு போதும். ஆஸ்திரேலியக் கரி ஆலைகளில் இது பரவலாகப் புழங்குகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் உருவான மைக்ரோசெல் வேறொரு பாதையில் அதே இடத்துக்கு வந்தது: கோபுரத்தின் அடியிலிருந்து சேற்றை உருவி, காற்றோடு சேர்த்துக் குறுகிய கலப்பான்கள் வழியே தள்ளி, நுண்குமிழிகளாகத் திருப்பி விடுவது.

சரி, காற்றுதான் வேண்டுமா, வேறு வாயு கூடாதா? நைட்ரஜனால் கரிக்குப் பெரிய லாபம் இல்லை. ஆக்சிஜனுக்கு அஞ்சுகிற சில உலோக சல்பைடுகளுக்குத்தான் அது பயன். கார்பன் டை ஆக்சைடு வேறு ரகம். அறை வெப்பத்தில் அது காற்றைவிட நாற்பது மடங்குக்கு மேல் தண்ணீரில் கரையும். அழுத்தத்தில் கரைத்துவிட்டு அழுத்தத்தைத் தளர்த்தினால், கரைந்த வாயு வெளியேற இடம் தேடும். நீர் ஒட்டாத பரப்பில் குமிழி முளைப்பது அதற்குச் சுலபம். அதாவது குமிழி கரியைத் தேடிப் போக வேண்டியதில்லை, கரியின்மேலேயே பிறக்கிறது. மோதல் என்ற முதல் கண்டமே இல்லாமல் போகிறது. காற்றைக் கொண்டும் இதைச் செய்யலாம், முளைக்கும் வாயு குறைவாக இருக்கும், அவ்வளவுதான். இப்படி முளைக்கும் மீநுண் குமிழிகளைப் பற்றி இப்போது ஏராளமாக எழுதுகிறார்கள். அவை தனியாகக் கரியைத் தூக்கிவிடும் என்பது மிகைப்பேச்சு. 0.1 மி.மீ. குமிழியே வினாடிக்கு ஐந்தாறு மில்லிமீட்டர்தான் ஏறும். அதைவிடச் சிறியது தொட்டி ஓட்டத்தோடு கீழேயே போய்விடும். துகளின்மேல் முளைத்து, பெரிய குமிழி வந்து தொடும்போது சட்டென்று ஒட்டிக்கொள்ளக் கொக்கியாக இருப்பதுதான் அவற்றின் உண்மையான உதவி.

எல்லாக் கரியும் ஒத்துழைக்காது. நடுத்தர, உயர்தர பிட்டுமினஸ் எனப்படும் கறுப்புக் கரி வகைகள் தாமாகவே மிதக்கும். பழுப்பு நிலக்கரியின் மேற்பரப்பு முழுவதும் ஆக்சிஜன் தாங்கிய தொகுதிகள். தண்ணீரை இழுத்துக்கொள்ளும், டீசல் பரவாது. நல்ல கரிகூட வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்தால் இதே கதிக்கு வந்துவிடும். பழைய தேக்கங்களில் கிடக்கும் கரிச்சேற்றைத் தோண்டி எடுத்து மிதக்கவைக்க முயல்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். கெட்டியான சேறாக வைத்துத் துகளோடு துகள் உரசும்படி பலமாகக் கலக்கினால் மேல்தோல் கொஞ்சம் உரிந்து புதுப்பரப்பு வெளிப்படும். அதன்பின் எண்ணெய் பிடிக்கும். பைரைட் இன்னொரு தொல்லை. களிமண்ணைப்போல ஒதுங்காமல், லேசான ஆக்சிஜனேற்றத்தால் தானும் நீர் ஒட்டாததாகி நுரையில் ஏறிவிடும். நுரை மிதப்பால் சாம்பல் குறையும் அளவுக்குக் கந்தகம் குறையாததற்கு இது ஒரு காரணம். கரிக்குள்ளேயே பொதிந்த பைரைட்டும், கரியின் மூலக்கூற்றிலேயே இருக்கும் கந்தகமும் மற்றவை.

வருமானக் கணக்கு இப்படி ஓடும். தொட்டிக்குள் போகும் தூளின் சாம்பல் 30 சதவீதம், நுரையில் வரும் கரியில் 10, வெளியேறும் கழிவில் 70 என்றால், நூறு டன்னுக்கு 67 டன் சுத்தக் கரி கிடைக்கிறது. எரியக்கூடிய பொருளில் 86 சதவீதம் மீட்கப்பட்டுவிட்டது. கழிவைப் பார்த்தாலே தொட்டி எப்படி ஓடுகிறது என்று அனுபவப்பட்டவர் சொல்லிவிடுவார்: கறுப்பாகப் போனால் கரி வீணாகிறது, வெளிறிய மண் நிறத்தில் போனால் நல்லது. ஆனால் தூளின் சாம்பலைத் தனியாகப் பார்த்தால் போதாது. கட்டியையும் தூளையும் கலந்துதான் விற்கிறார்கள். நுரையில் சாம்பல் ஏறிவிட்டால், மொத்தச் சரக்கு ஒப்பந்த அளவுக்குள் இருக்க, கட்டிக்கரியை இன்னும் கடுமையாகக் கழுவ வேண்டிவரும். அங்கே நல்ல கரியே கல்லோடு சேர்ந்து கழிவுக்குப் போகும். நுரைத் தொட்டியில் செய்த சோம்பேறித்தனத்துக்குக் கட்டிக்கரி தண்டம் கட்டுகிறது.

கடைசியில் நிற்பதும் தண்ணீர்தான். ஒரு கிலோ கரி 5 செ.மீ. கட்டிகளாக இருந்தால் அதன் வெளிப்பரப்பு 0.1 சதுர மீட்டரைக்கூடத் தொடாது. அதே கிலோ 0.02 மி.மீ. தூளானால் 200 சதுர மீட்டருக்கு மேல். அத்தனை பரப்பிலும், துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகளிலும் நீர் பிடித்துக்கொள்கிறது. வெற்றிட வடிகட்டியில் இழுத்தபின்னும் 20 முதல் 30 சதவீதம் ஈரம் தங்குவது வழக்கம். வேகமாகச் சுழற்றித் தண்ணீரை உதறும் சல்லடைத் தொட்டி வகை சுழற்பிரிப்பான் இன்னும் உலர்த்தும், ஆனால் 0.045 மி.மீ.க்குக் கீழுள்ள கரியில் கணிசமான பங்கை வெளியேறும் தண்ணீரோடு விட்டுவிடும். நுரைத் தொட்டி பாடுபட்டுப் பிடித்ததைச் சுழற்பிரிப்பான் மறுபடி சாக்கடைக்கு அனுப்பும் கூத்து இது. ஈரம் குறைவது அழுத்த வடிகட்டியில். அதற்கு விலையும் நேரமும் அதிகம்.

ஈரத்தால் வெப்பம் வீணாகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அந்த இழப்பு சிறியது. 25 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னில் 250 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கச் சுமார் 600 மெகாஜூல். மீதி 750 கிலோ நல்ல கரி தருவது 20,000 மெகாஜூலுக்கு மேல். மூன்று சதவீதம்தான் நஷ்டம். உண்மையான நஷ்டம் வேறிடத்தில்: கால் பங்கு தண்ணீருக்கு ரயிலிலும் கப்பலிலும் கூலி கொடுப்பது, ஈரத்தூள் சரிவுப் பாதைகளில் அப்பிக்கொண்டு ஆலையை நிறுத்துவது, ஒப்பந்த ஈர அளவைத் தாண்டியதற்காக விலையில் பிடித்தம்.

இதனால்தான் அனல்மின் நிலையங்களுக்குப் போகும் கரியில் நுண்தூளை மிதக்கவைக்காமலே விட்டுவிடும் ஆலைகள் இன்னும் இருக்கின்றன. தூளைச் சுத்தம் செய்ய ஆகும் எண்ணெய், வடிகட்டி, மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டினால் சில சமயம் அந்தக் கரியின் விலையையே தொட்டுவிடும். எஃகு உலைக்கான கோக் (கரியைக் காற்றில்லாமல் சுட்டால் கிடைக்கும் கெட்டி எரிபொருள்) ஆக்கும் கரியில் அப்படி விட முடியாது. அதன் விலை அதிகம். தவிர, உருகி ஒட்டிக் கோக்காக மாறும் குணமுள்ள விட்ரினைட் என்ற பகுதி எளிதில் நொறுங்கக்கூடியது. வெட்டும்போதும் கொட்டும்போதும் முதலில் தூளாவது அதுதான், நுரையில் நன்றாக ஏறுவதும் அதுதான்.